லாசர் போட்ட கோடு

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணி வெயிலில் பந்து உதைக்க வருகிறவனை அவன் வீட்டிலேயே யாரும் புத்தி உள்ளவன் என்று சொல்ல மாட்டார்கள். அப்படிப்பட்ட பதினாறு பேரைச் சேர்த்து, அந்தக் கூட்டத்துக்கு ஒரு பெயரும் வைத்து, பதினெட்டு வருஷமாகக் கட்டி மேய்க்கிற ஆளை என்னவென்று சொல்வது? லாசரின் மனைவி பாக்கியம் அதற்கென்றே ஒரு வார்த்தை வைத்திருக்கிறார். தவறாமல் கோவிலுக்குப் போகிற பெண்மணி, அதனால் அந்த வார்த்தையை இங்கே எழுதாமல் விடுவதுதான் மரியாதை.

லாசருக்கு ஐம்பத்தோரு வயது. ஊருக்குள் பழைய மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் கிளார்க். டி.சி. எழுதுவது, பஸ் பாஸ் விண்ணப்பத்தில் சீல் குத்துவது, பிறந்த தேதி தப்பாக ஏறியிருக்கிறது என்று வருகிற பெற்றோரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது, இதுதான் உத்தியோகம். இளவயதில் லெஃப்ட் பேக் ஆடினார். நன்றாக ஆடினேன் என்று அவர் சொல்வார். கூட ஆடினவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. முப்பத்து மூன்று வயதில் முழங்கால் போனது. வேறு ஆளாக இருந்தால் பூட்ஸைப் பரணில் போட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பார். இவர் செக்ரட்டரி ஆகிவிட்டார்.

குழுவின் பெயர் செவ்வந்தி எஃப்.சி. சிவப்பு ஜெர்ஸிக்குச் சொல்லிவிட்டு வந்தார்கள், தைத்து வந்தது மஞ்சள். மறுநாள் மேட்ச், திருப்பிக் கொடுக்க நேரமில்லை. வந்த கலருக்குப் பொருத்தமாகப் பெயரை வைத்துக்கொண்டார்கள். கப்பலூரில் லேத் ஓட்டுகிறவன், மருந்துக் கடை வைத்திருப்பவன், கொரியர் கொண்டுபோகிறவன் என்று வாரம் பூராவும் ஆளுக்கொரு திசையில் ஓடுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரே பந்துக்குப் பின்னால் ஓடுவார்கள்.

குழுவுக்கு லாசர் செய்யாத வேலை கிடையாது. ஆனால் பெருமை என்று அவருக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான். மைதானத்துக்குக் கோடு போடுவது. லீக் ஆட்டங்களில் பாதிக்கு மேல் அவருடைய பள்ளிக்கூட மைதானத்தில்தான் நடக்கும். அடியில் ஆணியால் துளை போட்ட பால் பவுடர் டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிக்கொண்டு, குனிந்து, ஆட்டிக்கொண்டே நகர்ந்து போவார். நூல் பிடித்தாற்போல் கோடு விழும். மற்ற மைதானங்களில் கார்னர் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், நடுவட்டம் முட்டை மாதிரி இருக்கும். லாசர் போட்ட கோடு என்றால் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ரெஃப்ரிகள்கூட.

அளப்பதற்கு அவரிடம் ஒரு கயிறு உண்டு. ஆறு கெஜத்தில் ஒரு முடிச்சு, பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்று. கோல் கோட்டிலிருந்து ஆறாவது கெஜம் சின்ன பாக்ஸ், பன்னிரண்டாவது கெஜம் பெனால்டி அடிக்கிற புள்ளி, பதினெட்டாவது கெஜம் பெரிய பாக்ஸ். அந்தப் பெரிய பாக்ஸுக்குள் தடுப்பாட்டக்காரன் எதிராளியைத் தட்டிவிட்டால் பெனால்டி. ஓர் அடி வெளியே தட்டிவிட்டால் வெறும் ஃப்ரீ கிக். பந்தாட்டமே பார்க்காதவர்களுக்கும் இந்தக் கதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

உண்மையைச் சொன்னால், லாசர் கயிற்றைக் கையில் எடுப்பதே ஜூன் மாதம் ஒரு தடவைதான். அதற்குப் பிறகு தேவைப்படாது. பதினெட்டு வருஷமாக ஒரே இடத்தில் சுண்ணாம்பு விழுந்து விழுந்து அந்தத் தடத்தில் புல்லே முளைப்பதில்லை. மழையில் வெள்ளை கரைந்து போனாலும் தரையில் மொட்டையாக ஒரு வகிடு இருக்கும். அதன் மேலேயே டப்பாவை ஆட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் போட்டுவிடுவேன் என்று அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

போன செப்டம்பர் கடைசி ஞாயிறு, லீக்கின் கடைசி ஆட்டம். எதிரே கொட்டாம்பட்டிக் குழு. டிரா செய்தாலே செவ்வந்தி அரையிறுதிக்குப் போய்விடும். பதினெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அது நடந்ததில்லை. கோல்கீப்பரும் கேப்டனுமான பாண்டியராஜன் அன்றைக்குத் தன் மருந்துக் கடையையே அடைத்துவிட்டு வந்திருந்தான். ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் திங்கட்கிழமை வரட்டும் என்று விட்டான்.

ரெஃப்ரி பட்டாபிராமன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி, ஐம்பதுக்கு ஒரு வயது குறைவு. விசில் ஊதுவதற்கு முன்னால் யோசிப்பார், ஊதின பிறகு யோசிக்க மாட்டார். லாசருக்கு இருபது வருஷப் பழக்கம். செவ்வந்தி ஆடுகிற ஆட்டத்துக்கு அவர் வந்தால், பழக்கம் இருக்கிறதே என்று ஓர் அவுட் பந்தைக்கூடத் தர மாட்டார். லாசரும் கேட்க மாட்டார்.

ஆட்டம் முடிய ஆறு நிமிஷம் இருக்கும்போது ஒன்றுக்கு ஒன்று. லாசர் கையில் ஜெபமாலை இல்லாத குறை. அந்த நேரம் பார்த்துக் கொட்டாம்பட்டியின் ஒல்லிப் பையன் ஒருவன் நடுவில் பந்தைப் பறித்துக்கொண்டு பிய்த்துக்கொண்டு வந்தான். கடைசித் தடுப்பு காளை. கப்பலூரில் லேத் ஓட்டுகிற காளைக்குப் பெயருக்கேற்ற உடம்பு. சறுக்கிக்கொண்டு போய்க் காலை நீட்டினான். பந்து கிடைக்கவில்லை, பையனின் கால் கிடைத்தது. தூசி எழுந்தது, விசில் கேட்டது. தூசி அடங்கியபோது பட்டாபிராமனின் விரல் பெனால்டி புள்ளியைக் காட்டிக்கொண்டிருந்தது.

காளை எழுந்த வேகத்தில் அவர் முன்னால் போய் நின்றான்.

"சார், வெளிய சார்! பாக்ஸுக்கு வெளிய சார்!"

"கீழே பாருப்பா. கோட்டுக்கு உள்ளேதான் விழுந்திருக்கான்."

"கோடு கெடக்கட்டும் சார். பன்னெண்டு வருசமா இந்த எடத்துலதான் நிக்கிறேன். எனக்குத் தெரியாதா? இது பாக்ஸே இல்ல சார்!"

"கோடு கிடக்கட்டும்னா, நான் வேற எதைப் பார்த்து ஊதறது?"

அதற்குள் பாண்டியராஜன் கோலை விட்டு ஓடிவந்து மஞ்சள் அட்டை வாங்கினான். தண்ணீர் பாட்டில் ஒன்று மைதானத்துக்குள் பறந்து வந்தது. லாசர் இருக்கிறாரே, பதினெட்டு வருஷத்தில் ஒரு ரெஃப்ரியையும் எதிர்த்துப் பேசாத மனிதர், அவரும் நொண்டிக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே போனார். அரையிறுதி கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. வாயில் என்ன வருகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

"கண்ணை டெஸ்ட் பண்ணுங்க சார்! கண்ணு தெரியலைன்னா விசிலைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க!"

மைதானம் முழுக்கக் கேட்டது. பட்டாபிராமன் அவரை ஒரு பார்வை பார்த்தார். பெனால்டி கோலானது. இரண்டுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்ததும் கை குலுக்காமலே எல்லோரும் கலைந்தார்கள். காளை மட்டும் பூட்ஸைக் கழற்றாமல் வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே லாசர் மைதானத்துக்கு வந்துவிட்டார். கோபம் தீரவில்லை. காளை சறுக்கிய இடத்தைப் பார்த்து, அது கோட்டுக்கு எவ்வளவு வெளியே இருக்கிறது என்று கையால் காட்டிச் செல்போனில் ஒரு படம் பிடித்துவிட வேண்டும் என்று கணக்கு. சறுக்கிய தடம் அப்படியே இருந்தது. பூட்ஸ் ஆணி மண்ணைக் கீறின நீளமான காயம். ஆனால் அது கோட்டுக்கு ஒரு கெஜம் உள்ளே இருந்தது.

சரி, பட்டாபிராமன் சரியாகத்தான் ஊதியிருக்கிறார். லாசருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் காளை சொன்ன ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. இது பாக்ஸே இல்ல சார். எதற்கும் பார்ப்போம் என்று கோல் கோட்டிலிருந்து கெஜத்துக்கு ஓர் எட்டாகக் கால் வைத்து எண்ணிக்கொண்டு வந்தார். பதினெட்டு வந்தது, கோடு வரவில்லை. பத்தொன்பது. இருபதில் கோடு வந்தது.

ஸ்டோர் ரூமுக்கு ஓடிப்போய்க் கயிற்றை எடுத்து வந்தார். ஒரு முனையைக் கோல் கோட்டில் ஆணியடித்து இழுத்தார். பதினெட்டாவது கெஜத்து முடிச்சு கோட்டுக்கு இரண்டு கெஜம் முன்னாலேயே நின்றுவிட்டது. காளையின் சறுக்கல் முடிச்சுக்கும் கோட்டுக்கும் நடுவில் கிடந்தது. நியாயப்படி அது வெளியே. காளை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

அப்போதுதான் அவருக்குச் சைக்கிள் ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. அந்தக் கோலுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டாக இருந்த பழைய தகரக் கொட்டகையை இடித்துவிட்டு, கிடைத்த இடத்தில் கோல் போஸ்ட்டை ஆறடி, அதாவது இரண்டு கெஜம், பின்னுக்குத் தள்ளி வெள்ளிக்கிழமைதான் கான்கிரீட் போட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று பார்த்ததே லாசர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து அவசரமாக வந்து, புதுக் கோல் கோட்டைப் போட்டார். சின்ன பாக்ஸை அளந்து போட்டார். பெனால்டி புள்ளியை அளந்து வைத்தார். பக்கக் கோடுகளை ஆறடி நீட்டினார். பெரிய பாக்ஸின் முன்கோட்டுக்கு வந்ததும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, கால் போன போக்கில், புல் முளைக்காத பழைய தடத்தின் மேலேயே டப்பாவை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். போஸ்ட் நகர்ந்தது, தடம் நகரவில்லை.

அரையிறுதி போனது. காளைக்குக் கெட்ட பெயர். பட்டாபிராமனைப் பார்த்து நூறு பேர் முன்னால் கண் தெரியவில்லை என்று கத்தியாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் அவர் கையில் இருந்த பால் பவுடர் டப்பா.

அடுத்து அவர் செய்ததை நியாயப்படுத்த முடியாது. முதல் மணி அடிக்க அரை மணி நேரம் இருந்தது. சுற்றிப் பார்த்தார், ஒருவரும் இல்லை. விளக்குமாற்றை எடுத்துவந்து அந்தக் கோட்டைக் கூட்டித் தள்ளினார். பதினெட்டாவது கெஜத்தில், புல்லின் மேல், புதுக் கோடு ஒன்று போட்டார். அதுவும் நூல் பிடித்தாற்போல்தான் விழுந்தது. கையைக் கழுவிக்கொண்டு ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்து, அன்றைக்கு எழுதின முதல் டி.சி.யிலேயே பையன் பெயரைத் தப்பாக எழுதினார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட வாசல் டீக்கடையில் குழு கூடியது. பாண்டியராஜன் கையில் பட்டாபிராமன் மேல் ஒரு புகார்க் கடிதம்.

"வியாழக்கெழமை லீக் கமிட்டி கூடுதுண்ணே. அந்தாளு மேல இந்த சீசன்ல ஏற்கெனவே ஒரு கம்ப்ளெய்ன்ட் நிக்கிது. நம்மளதும் போச்சுன்னா ரெஃப்ரி பேனல்லருந்து பேரைத் தூக்கிருவாங்க. அம்பது வயசாகப் போகுது, மறுபடி சேக்கவும் மாட்டாங்க. செக்ரட்டரி கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

லாசர் வாங்கிப் படித்தார். 'கண்பார்வைக் குறைவு காரணமாக' என்று ஒரு வரி இருந்தது. அவர் மைதானத்தில் கத்தினதைத்தான் பாண்டியராஜன் நல்ல தமிழில் எழுதியிருந்தான்.

"காளை எங்கடா?"

"வரலண்ணே. ஓவர்டைமாம். வந்து என்ன செய்யப் போறான்? ரெஃப்ரி தப்புத்தான், இல்லங்கல. ஆனா அந்த நேரத்துல அம்புட்டு அவசரமா இவன் எதுக்குச் சறுக்கணும்? நேத்து போன்லயும் நல்லா கேட்டு விட்டேன்."

டீ தொண்டையில் இறங்கவில்லை. ஒரு வாக்கியம்தான். கோட்டைத் தப்பாப் போட்டது நான்தாண்டா. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நாளைக்குப் போட்டுத் தாரேன்" என்று கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்த கையோடு பாக்கியம் அவர் முகத்தைப் பார்த்தார். பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், எலிமென்டரி ஸ்கூல் டீச்சர்.

"என்ன, மூஞ்சி செத்துப் போய்க் கெடக்கு? தோத்தது ஞாயித்துக்கெழமை. செவ்வாக்கெழமை வரைக்கும் எந்தத் தோல்விக்கும் நீங்க துக்கம் கொண்டாடுனதில்லையே?"

லாசர் எல்லாவற்றையும் சொன்னார். விளக்குமாறு வரைக்கும் சொன்னார். பாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"பதினெட்டு வருசமா கோடு கோடுன்னு என் உசிரை எடுத்தீங்க. ஒரு தடவை தப்பாப் போச்சு. அதுக்கு என்ன இப்ப, ஊரே இடிஞ்சு விழுந்துருமா?"

"விழுந்துரும்" என்றார் லாசர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திட்டுக்கு அவர் பயப்படவில்லை. பெற்றோரிடம் வாங்காத திட்டா? ஆபீஸில் அவர் எழுதுவதைத் தலைமையாசிரியர் சரிபார்ப்பார். வீட்டில் அவர் வாங்கி வருகிற காய்கறியைப் பாக்கியம் சரிபார்ப்பார். லாசர் செய்ததா, பார்க்க வேண்டாம், சரியாகத்தான் இருக்கும் என்று உலகம் சொன்னது இந்த ஒன்றைத்தான். அதுவும் போய்விட்டால் அவரிடம் வேறு என்ன இருக்கிறது?

பாக்கியத்துக்கு அது புரிந்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார்.

"கோட்டைத் தப்பாப் போட்டது மறதிங்க. கூட்டித் தள்ளுனது மறதியா? அந்த மனுசன் பேரையும் இப்ப அதே மாதிரிக் கூட்டித் தள்ளப் போறீங்களா? காலையில போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் சாப்பாடு தானா எறங்கும்."

புதன்கிழமை காலை, ஆபீஸுக்குப் போகிற வழியில், லாசர் பட்டாபிராமன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். கதவைத் திறந்தது அவர் மனைவி அனந்தலக்ஷ்மி. எப்போதும் சிரித்துக்கொண்டே வரவேற்கிற அம்மாள் அன்று சிரிக்கவில்லை.

"உள்ளே இருக்கார், போங்கோ. ஞாயித்துக்கிழமைலேர்ந்து யாரோடயும் பேசலை."

பட்டாபிராமன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் விசில், கண் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று, பாதி மடித்த ஒரு கடிதம். லாசரைப் பார்த்ததும் சீட்டை எடுத்து நீட்டினார்.

"நீங்க சொன்னபடி டெஸ்ட் பண்ணிட்டேன். கண்ணு நன்னா இருக்குங்கறார் டாக்டர்."

"சார், நான் அன்னைக்கு..."

"இருங்கோ, சொல்லி முடிச்சுடறேன். அந்தப் பையன் விழுந்தப்போ என் மனசு ஃப்ரீ கிக்னுதான் சொல்லித்து. கீழே பார்த்தா கோடு அவனுக்கு வெளியே இருக்கு. இருபது வருஷமா என் மனசு சொல்றதும் கோடும் ஒத்துப் போகும். அன்னிக்கு ஒத்துப் போகலை. கண்ணுல கோளாறு இல்லேன்னா என்ன அர்த்தம்? எனக்குத் தூரமே பிடிபடலைன்னு அர்த்தம். அப்படிப்பட்டவன் விசில் ஊதப்படாது. கமிட்டிக்கு நானே எழுதிட்டேன், பேரை எடுத்துடுங்கோன்னு."

உட்காரச் சொல்வதற்கு முன்பே லாசர் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து செவ்வந்தியின் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் ஆரம்பித்து, போஸ்ட், தடம், எட்டு வைத்து எண்ணியது, முடிச்சு, விளக்குமாறு என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். தலையை நிமிர்த்தவில்லை.

நிமிர்ந்தபோது பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே துடைத்தார்.

"இருபது கெஜமா?"

"இருபது சார்."

"அப்போ அவன் விழுந்தது பத்தொம்பதுல."

"ஆமா சார். நீங்க மனசுல நெனச்சதுதான் சரி. கோடுதான் தப்பு."

பட்டாபிராமன் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். மூன்று நாளாக அடைத்து வைத்திருந்த மூச்சு போல அது வந்துகொண்டே இருந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அனந்தலக்ஷ்மி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அனந்தா, லாசருக்கு ஒரு காபி கொண்டு வா. சர்க்கரை தாராளமாப் போடு. இவர் பெரிய அயோக்கியத்தனம் பண்ணிட்டு வந்திருக்கார்."

"என்னை நாலு திட்டுத் திட்டுங்க சார்."

"திட்டத்தான் போறேன். ஆனா பாதித் திட்டு எனக்கு. வேற எந்த கிரவுண்டுக்குப் போனாலும் முதல்ல பாக்ஸைக் காலாலே அளந்துட்டுத்தான் ஆட்டத்தை ஆரம்பிப்பேன். உங்க கிரவுண்டுல மட்டும் அளக்கறதில்லை. லாசர் போட்டதாச்சேன்னு விட்டுடுவேன். ரெஃப்ரிக்கு முதல் வேலையே அதுதான்."

அவருடைய ராஜினாமாக் கடிதத்தை அவரே நாலாகக் கிழித்தார். காபி வந்தது. லாசர் குடித்தார், தொண்டையில் தாராளமாக இறங்கியது. செவ்வந்தியின் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு அவர் கிளம்பும்போது பட்டாபிராமன் வாசல் வரைக்கும் வந்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன். 'விசிலைக் குடுத்துட்டுப் போங்க'ன்னேளே, அதை மட்டும் நான் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம் சார். எப்பவாச்சும் நான் ரொம்பத் துள்ளுனா எடுத்துச் சொல்லுங்க."

பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மீதிப் பாதி சாயங்காலம் மைதானத்தில் காத்திருந்தது. காளைக்கு அவரே போன் போட்டு, நீ வராவிட்டால் நானும் இனி வரமாட்டேன் என்று சொல்லி வரவழைத்திருந்தார். காளை லேத் எண்ணெய் படிந்த சட்டையோடு வந்து எல்லோரையும் விட்டுத் தள்ளி நின்றான்.

லாசர் பேச்சை வளர்க்கவில்லை. "காளை, இந்த முனையைக் கோல் கோட்டுல பிடி" என்றார். கயிற்றை இழுத்துக்கொண்டு போய்ப் பதினெட்டாவது முடிச்சைத் தரையில் வைத்தார். இரண்டு கெஜம் தள்ளி, வெள்ளை இல்லாமல், மொட்டையாகக் கிடந்தது பழைய தடம். சுண்ணாம்பைக் கூட்டலாம், தடத்தைக் கூட்ட முடியுமா?

"ஞாயித்துக்கெழமை கோடு அங்க இருந்துச்சு. போட்டது நான். போஸ்ட்டைப் பின்னாடி தள்ளுனதை மறந்துட்டுப் பழைய எடத்துலயே போட்டுட்டேன். காளை சறுக்குனது வெளியதான். ரெஃப்ரி கோட்டைப் பாத்து ஊதுனாரு, அவரு மேல தப்பு இல்ல. திங்கக்கெழமை காலையில தெரிஞ்சும் அழிச்சுப்புட்டு வாயை மூடிட்டு இருந்தேன். அதுவும் என் தப்புத்தான்."

கயிற்றின் அந்த முனையில் குந்தியிருந்த காளை மெதுவாக எழுந்தான்.

"நான் சொன்னேன்ல?" என்றான். முதலில் சத்தமில்லாமல்தான் சொன்னான். "சொன்னேன்ல? பாக்ஸே இல்லைன்னு சொன்னேன்ல? டேய், எவன்டா போன்ல என்னைய அந்தப் பேச்சுப் பேசுனது? வாங்கடா இங்க!" அந்தப் பெரிய உடம்போடு மைதானத்தை ஒரு சுற்று ஓடியே வந்துவிட்டான். வந்தவன் லாசரைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டான். "அண்ணே, எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சோன்னு மூணு நாளா நெனச்சிக்கிட்டு இருந்தேண்ணே."

பாண்டியராஜன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"செமி ஃபைனலுண்ணே" என்றான். அழுகிற மாதிரி இருந்தது. "மறுபடி ஆடச் சொல்லிக் கேக்க முடியாதா?"

"கிரவுண்டைப் பத்தின புகாரை ஆட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குடுக்கணும். ரூலு. தோத்தது தோத்ததுதான் மாப்ள."

பாண்டியராஜன் கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். பிறகு லாசரிடமிருந்த கடிதத்தை வாங்கி, பிரித்து, உரக்கப் படித்தான். "'கண்பார்வைக் குறைவு காரணமாக.' ஏண்ணே, நல்லாத்தான் எழுதிருக்கேன். வீணாப் போக வேணாம், பேரை மட்டும் மாத்தி உங்க பேரைப் போட்டு அனுப்பிருவமா?"

முதலில் சிரித்தது காளை. அப்புறம் எல்லோரும். லாசருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிப்பு அடங்கியதும் பால் பவுடர் டப்பாவை எடுத்து நடுவில் வைத்தார்.

"இனிமே வேற யாராச்சும் போடுங்கப்பா."

ஒருவரும் டப்பாவைத் தொடவில்லை.

"எங்கள்ல எவனுக்குண்ணே இடுப்பு அம்புட்டு வளையும்?" என்றான் காளை. "நீங்களே போடுங்க. கயித்தோட அந்த முனையை மட்டும் நான் பிடிக்கிறேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பாக்கியம் இரண்டாவது தடவை சாதம் வைத்தபோது லாசர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் திருமங்கலம் குழுவோடு ஒரு நட்பு ஆட்டம். அதற்கும் ரெஃப்ரி பட்டாபிராமன்தான். மூன்று மணிக்கே வந்துவிட்டார். இரண்டு குழுவும் பார்க்க, நேராகக் கோல் கோட்டுக்குப் போய் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, எட்டு வைக்க ஆரம்பித்தார். லாசர் கோட்டோரத்தில் நின்று உதட்டுக்குள் கூடவே எண்ணினார். காளையோடு சேர்ந்து காலையில் இரண்டு தடவை அளந்தாயிற்று. ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. பதினாறு. பதினேழு. பதினெட்டாவது எட்டில் பட்டாபிராமனின் பூட்ஸ் முனை வெள்ளையைத் தொட்டது. அவர் லாசரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். அளக்காமல் விட்ட பதினெட்டு வருஷத்தில் லாசருக்கு ஒரு நாளும் இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

இரண்டாவது பாதியில் அதே கோல் பக்கம், அதே மாதிரி ஒருவன் பந்தைக் கொண்டுவந்தான். காளை அதே மாதிரி சறுக்கினான். திருந்துகிற ஜென்மமா அது? தூசி எழுந்தது, விசில் கேட்டது, விரல் பெனால்டி புள்ளியைக் காட்டியது. காளை குதித்தெழுந்து ரெஃப்ரியிடம் வாயைத் திறந்தவன், என்ன நினைத்தானோ, பாதியில் நிறுத்திக்கொண்டு கோட்டோரம் இருந்த லாசரைத் திரும்பிப் பார்த்தான். பதினோரு மஞ்சள் சட்டையும் லாசரைத் திரும்பிப் பார்த்தது.

லாசர் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினார்.

"உள்ளதான்டா! நல்லா உள்ள!"

பட்டாபிராமனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயில் விசில் இருந்ததால் அது விசிலாகவே வந்தது. எதற்கு ஊதுகிறார் என்று புரியாமல் திருமங்கலத்துக்காரர்கள் நின்றுவிட்டார்கள்.